ஃப்ளாரன்ஸ் ஏன் பின்னால் நின்றார்?

எல்லோருக்கும் வணக்கம். இப்போது போட்டுக் காட்டிய இரண்டு பாட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது மூன்று பெண்கள் பாடிய சுப்ரீம்ஸ் குழுவின் 'வேர் டிட் அவர் லவ் கோ', 1964இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இரண்டாவது மெம்பிஸில் கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன கம்பெனிக்காக ஜேம்ஸ் கார் பாடிய 'த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்'. 1967இல் அமெரிக்காவின் பாப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 77ஆம் இடம் வரை வந்து, அதோடு நின்றுவிட்டது. என்னைக் கேட்டால், கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த சோல் இசையில் அதைவிட ஆழமான குரல்கள் நாலைந்துதான் இருக்கும். அப்புறம் ஏன் 77?

அழகும் பளபளப்பும் ஜெயித்தன, திறமை தோற்றது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. சுப்ரீம்ஸின் முன்னணிப் பாடகி டயானா ராஸ் பாடியதைச் சுலபம் என்று நினைக்கிறவர்கள் அதை ஒருமுறை பாடிப் பார்க்க வேண்டும்.

சுப்ரீம்ஸின் ரெக்கார்டுகளை வெளியிட்ட மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கிய பெர்ரி கோர்டி அதற்கு முன் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டெட்ராய்ட்டில் ஒரு சாதாரண வீட்டில்தான் பதிவெல்லாம் நடந்தது. பாட்டைப் பதிந்தபின் காரில் இருக்கிற மாதிரிச் சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்பார்கள், ஏனென்றால் ரெக்கார்ட் வாங்கப்போகிற பிள்ளைகள் முதலில் கேட்பது கார் ரேடியோவில்தான். தேவாலயத்தில் கூரை வரை எழும்புகிற குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள் முட்டி மோதும். ராஸின் குரல் மெல்லியது, லேசாக மூக்கில் வருவது, எவ்வளவு இரைச்சலிலும் தனியாகத் தெரியும். 'வேர் டிட் அவர் லவ் கோ' பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள்: மரப்பலகையில் தட் தட் என்று காலடி, அதன் மேல் அவர், வழக்கத்தைவிடக் கீழ்ச் சுருதியில், அழாமல், கெஞ்சாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. மீதி வருத்தத்தைக் கேட்கிறவர்தான் போட்டு நிரப்ப வேண்டும், அதனால்தான் எந்த வீட்டுப் பிள்ளையும் அதைத் தன் பாட்டு என்று நினைக்க முடிந்தது.

ஆனால் அதே குழுவில் ஃப்ளாரன்ஸ் பாலர்ட் இருந்தார். சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான், மூவரில் பெரிய குரலும் அவருடையது. ஆனாலும் முன்னால் நின்று பாடியது ராஸ், ஃப்ளாரன்ஸ் பின்னால் நின்றார். 1967இல் குழுவை விட்டு விலக்கப்பட்டார், 1976இல் 32 வயதில் இறந்துபோனார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

சரி, தனித்தன்மை உள்ள குரல் ஜெயிக்கவே முடியாதா? அரீத்தா ஃப்ராங்க்ளின் இருக்கிறாரே! ஆனால் அவரும் கொலம்பியா கம்பெனியில் ஐந்தாறு வருடம் யார் யாருக்கோ பொருந்துகிற பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார், பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1967இல் அட்லாண்டிக் என்ற ரெக்கார்ட் கம்பெனிக்கு வந்தபோது அவரையே பியானோவில் உட்காரவைத்து, அவர் பாடுகிற விதத்துக்குத் தக்கபடி வாத்தியங்களை அமைத்தார்கள். அதே வருடம் 'ரெஸ்பெக்ட்' முதலிடம். அந்தக் குரலை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்கிற பலமும் அந்தக் கம்பெனிக்கு இருந்தது.

அவருடைய அக்கா எர்மாவும் பாடகிதான். ஒரே வீடு, அப்பா பிரசங்கம் செய்த ஒரே தேவாலயம். எர்மாவும் அதே 1967இல் ஒரு சின்ன கம்பெனியில் 'பீஸ் ஆஃப் மை ஹார்ட்' பாடினார். கறுப்பின மக்களின் ரேடியோவில் ஓடியது, அதைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. அடுத்த வருடமே வெள்ளைக்கார ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் தன் குழுவோடு அதைப் பாட, பாப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. இன்றைக்கும் பலருக்கு அது ஜானிஸ் பாட்டுதான்.

பிறகு 1992இல் பிரிட்டனில் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்துக்கு எர்மாவின் பழைய பதிவையே எடுத்துப் போட்டார்கள். 25 வருடப் பழைய பாட்டு, அதே குரல், அங்கே முதல் பத்துக்குள் வந்துவிட்டது. அந்தப் பதிவைத்தான் இப்போது போடப் போகிறேன், விளக்கை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.