பிரவுசர் சொல்ற பேரை சர்வர் எவ்வளவு நம்பலாம்?

(திரையில்: ஆக்சஸ் லாக். ஒரு வரி மட்டும் பெரிதாகிறது.)

இது ஒரு வெப்சைட்டோட ஆக்சஸ் லாக், அதாவது யார் எந்தப் பேஜைக் கேட்டாங்கன்னு சர்வர் எழுதி வைக்கற பதிவு. வரியோட கடைசியில, மேற்கோள் குறிக்குள்ள இருக்கறதைப் பாருங்க: மொசில்லா 5.0, லினக்ஸ், ஆண்ட்ராய்டு 10, கே, குரோம், சஃபாரி. இதுதான் யூசர் ஏஜென்ட். பேஜ் கேட்கும்போது பிரவுசர் தன்னைப் பத்திச் சொல்ற அறிமுகம்.

வந்தது குரோம் மட்டும்தான். அப்புறம் மொசில்லா எதுக்கு? 1990கள்ல, ஃபிரேம் வச்ச, அதாவது திரையைக் கட்டங்களா பிரிச்சுக் காட்டற பேஜை, நெட்ஸ்கேப்ங்கற பிரவுசருக்கு மட்டும் அனுப்பற சர்வர்கள் இருந்துச்சு. நெட்ஸ்கேப் தன்னை மொசில்லான்னு சொல்லிக்கும். அந்தப் பேஜ் தனக்கும் வேணும்னு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அதே பேரைச் சொல்ல ஆரம்பிச்சது. பின்னாடி வந்தவங்க எல்லாரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. சர்வர்ல எழுதின ரூல்தான் பிரவுசரைப் பொய் சொல்ல வச்சிருக்கு. ரூல் எழுத உட்காரும்போது இதை மனசுல வச்சுக்கோங்க.

(திரையில்: புடவைக் கடை வெப்சைட், ஐபேடிலும் போனிலும்.)

தி.நகர்ல ஒரு புடவைக் கடைக்கு நீங்க சைட் பாத்துக்கறீங்கன்னு வைங்க. ஐபேடுக்குத் தனி பேஜ் தர ஒரு ரூல் எழுதறீங்க. 2019ல வந்த ஐபேட்ஓஎஸ் 13ல இருந்து, சஃபாரி வழக்கமா தன்னை மேக்னுதான் சொல்லுது. உங்க ரூல்ல அது சிக்காது. போன் மாடலை வச்சு ரூல் எழுதலாமா? முடியாது. ஆண்ட்ராய்டு குரோம்ல எந்த போனா இருந்தாலும் இப்ப "ஆண்ட்ராய்டு 10, கே"தான். மாடல் வேணும்னா கிளையன்ட் ஹின்ட்ஸ்னு தனி ஹெடர்ல (கோரிக்கையோடவும் பதிலோடவும் போற குறிப்பு வரி) கேட்கணும். குரோம், எட்ஜ் மாதிரி குரோமியம் பிரவுசர்கள் தரும். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் தராது.

(திரையில்: அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் கன்ஃபிக் ஃபைல்கள் பக்கத்துப் பக்கத்துல.)

இப்ப கன்ஃபிக், அதாவது சர்வரோட அமைப்பு ஃபைல். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ரெண்டும் சர்வர் சாஃப்ட்வேர். யூசர் ஏஜென்ட் பார்த்து ரூல் எழுத, அப்பாச்சியில பிரவுசர்மேட்ச், என்ஜின்எக்ஸ்ல மேப். மேப்பை சர்வர் பிளாக்குக்குள்ள போடாதீங்க, எச்டிடிபி பிளாக்லதான் போடணும்.

நிறைய பேர் மாட்டிக்கற இடம் வரிசை. குரோமோட அறிமுகத்துலயும் சஃபாரின்னு இருக்கு. எட்ஜ்ல குரோம், சஃபாரி ரெண்டுமே இருக்கு. என்ஜின்எக்ஸ் மேப்ல ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பாக்கற முறை) வரிகள்ல முதல்ல பொருந்தினதுதான் செல்லும். அதனால எட்ஜ் மேலே, அடுத்து குரோம், கடைசியா சஃபாரி. அப்பாச்சி நேர் எதிர்: எல்லா வரியையும் பாத்துட்டுப் போகும், ஒரே வேரியபிளுக்குக் கடைசியா பொருந்தினது நிக்கும். அங்க சஃபாரி மேலே, எட்ஜ் கீழே. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு ரூலை அப்படியே காப்பி பண்ணினா, எல்லாருமே சஃபாரி ஆயிடுவாங்க!

எதுக்கு ரூல் எழுதலாம்? உபுண்டுவுல அப்பாச்சி போட்டா கூடவே வர்ற செட்என்விஃப் ஃபைலைத் திறந்து படிங்க. ரியல்பிளேயர் 4.0க்கு எச்டிடிபி 1.0ல பதில் கொடுன்னு ஒரு வரி. ஒரு புரோகிராம், ஒரு வெர்ஷன், தெரிஞ்ச ஒரு கோளாறு. அவ்வளவுதான். "குரோம் இல்லையா, உள்ள வராதே"ன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க. பழைய போன்ல தீபாவளிப் புடவை பாக்க வர்ற அம்மாவை வாசல்லயே திருப்பி அனுப்பற வேலை அது.

ஆளுக்கு ஏத்த மாதிரி பேஜ் மாறினா, பதில்ல வேரி ஹெடர்ல யூசர் ஏஜென்ட்னு போட்டே ஆகணும். இல்லன்னா நடுவுல பேஜோட காப்பியை வச்சிருக்கற கேஷ், போனுக்குப் போன பேஜை எடுத்து லேப்டாப்புக்கும் கொடுத்துடும். ஆனா ஒவ்வொரு அறிமுகத்துக்கும் தனித்தனி காப்பி சேரும், கேஷோட பலன் குறையும். திரை அளவுதான் பிரச்சினைன்னா, திரை அளவைப் பாத்து டிசைனை மாத்தற சிஎஸ்எஸ் மீடியா குவெரியிலயே முடிச்சுடுங்க.

கூகுள் தேடலுக்காக பேஜ்களைப் படிக்க வர்ற புரோகிராம் கூகுள்பாட். அந்தப் பேரை யார் வேணும்னாலும் சொல்லிக்கிட்டு வரலாம். ஐபியை ரிவர்ஸ் டிஎன்எஸ்ல (ஐபியில இருந்து பேரைக் கண்டுபிடிக்கற வழி) பாருங்க, வந்த பேர் கூகுளோடதுதானான்னு பாருங்க, அந்தப் பேரைத் திரும்ப ஐபியா மாத்தியும் சரிபாருங்க.

(திரையில்: டெர்மினல்.)

கன்ஃபிக்கை மாத்தினதும், பிழை இருக்கான்னு பாக்க என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி, அப்பாச்சின்னா கன்ஃபிக்டெஸ்ட். பிழை இல்லன்னா ரீலோட். அப்புறம் பேஜைக் கேட்டுப் பாக்கற கர்ல் கமாண்ட்ல ஹைஃபன் பெரிய ஏ போட்டு, ஒவ்வொரு பிரவுசரோட அறிமுகத்தையும் கொடுத்துப் பாருங்க. எட்ஜை முதல்ல பாருங்க. வரிசை தப்பா இருந்தா அங்கதான் தெரியும்.