ஓகஸ்டில் மைதானம், நவம்பரில் குளம்! திருகோணமலையில் ஓய்வுக்கால வீடு வாங்கப் போகிறீர்களா?

வணக்கம் உறவுகளே. நிலாவெளிப் பக்கம் "ஓய்வுக்கால இல்லம், கடற்கரைக்கு நடந்தே போகலாம்" என்று விளம்பரம் பார்த்தால், விலையைக் கேட்க முதல் இதைக் கேளுங்கள்: காணியை எந்த மாதத்தில் காட்டுகிறார்கள்?

சிரிக்காதீர்கள். நமக்குப் பெருமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. வெளிநாட்டு ஆட்கள் விடுமுறைக்கு வந்து காணி பார்ப்பது ஜூலை, ஓகஸ்டில். அப்போது மண் போட்டு நிரவிய வயலும் கிரிக்கெட் மைதானம் மாதிரித்தான் இருக்கும். ஜனவரியில் போனாலோ கிணறு நிறைய நல்ல தண்ணீர். கோடையில் அதே கிணறு உவர்க்கலாம். விற்கிறவர் இரண்டு காலமும் பார்த்தவர். அதனால்தான், குறைகளை விற்பவரே முதலில் எழுதித் தரவேண்டும் என்று புதுச் சட்டம் வேண்டும் என்கிறேன்.

பின்னணியை ஓடிப்போய் முடித்துவிடுகிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு காணி உறுதியைப் பார்ப்பார், கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார்.

சரி, இனி எனக்குப் பிடித்த கதை. பழைய ரோமாபுரிச் சந்தையில் அடிமைகளையும் மாடு குதிரைகளையும் விற்பவர்களுக்குச் சந்தை அதிகாரிகள் ஓர் ஆணை போட்டார்கள்: குறையைப் பகிரங்கமாகச் சொல்லித்தான் விற்க வேண்டும். நோய் உண்டா? தப்பி ஓடும் பழக்கம் உண்டா? மனிதரை விற்ற கொடுமையான சந்தைதான். ஆனால் "எனக்கே தெரியாதே" என்று விற்பவர் அங்கே நழுவ முடியாது. லபேயோ என்ற சட்ட அறிஞர் இந்த ஆணை நிலத்துக்கும் பொருந்தும் என்றார். நிலம் எங்கே தப்பி ஓடும் என்கிறீர்களா? கடலரிப்பைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள்!

இது நமக்கு எப்படி வந்தது? கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் போகிறோமே, 1639இல் அந்த இடத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர்தான், அந்த ரோமாபுரிச் சட்டத்தை ஒட்டி வளர்ந்த ரோமன் டச்சுச் சட்டத்தையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பறித்தார்கள், சட்டத்தை விட்டுவைத்தார்கள். காணி விற்பனை இன்றும் அதன் கீழ்தான். மறைந்திருந்த குறை வெளியே வந்தால் விலையைக் குறைக்கக் கேட்கலாம்; பெரிய குறையென்றால் காணியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம்.

அப்படியென்றால் புதுச் சட்டம் எதற்கு? ஒப்பந்தத்தில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி போட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தெரிந்தே மறைத்தவரை அந்த வரி காப்பாற்றாதுதான். ஆனால் மறைத்தார் என்று நிரூபிப்பது யார்? நீங்கள். பணிக்கொடையையும் சேமலாப நிதியையும் கொட்டி வாங்கிய மனிதர், 62 வயதில், நீதிமன்றப் படியேற வேண்டும். நம் ஊரில் காணி வழக்கு பேரப்பிள்ளைக்குப் போகும் முதுசம்! அதனால் கட்டி விற்கும் நிறுவனமே முற்பணம் வாங்க முதல் குறைகளை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் வரவேண்டும். கலிஃபோர்னியாவில் வீடு விற்பவர்கள் அப்படிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள்.

அதுவரை நீங்களே கடிதமாகக் கேளுங்கள். வயலை நிரவியதா, அனுமதி எங்கே? கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரப் பாதுகாப்பு அனுமதி எங்கே? 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் எதுவரை வந்தது? பேர்மிட் காணியா, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? அதை நினைத்தபடி விற்க முடியாது.

ஓய்வூதியர் வட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களே, காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவில் இந்த வீடியோவையும் ஒருக்கால் தட்டிவிடுங்கள்.