ஒருவர் போன பிறகும் பில் கட்ட முடியுமா?

(பட்டிமன்றத் தலைப்பு: ‘முதியோர் குடியிருப்பைத் தேர்ந்தெடுக்க முதலில் பார்க்க வேண்டியது உடல்நலமா, செலவா, வாழும் சூழலா?’ கோவையில் ‘செலவே’ என்ற அணியின் சார்பில் பேசிய உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், இரண்டு பக்கமும் அமர்ந்திருக்கிற மற்ற அணியினருக்கும், தூறல் விழுந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசினார்கள். டாக்டர் ஐயா, பக்கவாதம் வந்தால் நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாக வேண்டும், அதனால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற குடியிருப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். தமிழாசிரியை அம்மா, ஜன்னலைத் திறந்தால் மருதமலை தெரிய வேண்டும், சாயங்காலம் பேச்சுத்துணைக்கு நாலு பேர் வேண்டும், அதுதான் வாழ்க்கை என்றார். இரண்டும் சத்தியம். அவற்றை மறுக்க நான் எழுந்திருக்கவில்லை. எதை முதலில் பார்ப்பது என்பதுதானே கேள்வி? அந்த வரிசையைப் பற்றித்தான் எனக்கு வழக்கு.

நான் 31 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் பென்ஷன் கவுண்ட்டர். நவம்பர் மாதம் வந்தால், உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க விடியற்காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொரு வருடமும் வரிசையில் சில முகங்கள் குறையும். பிறகு ஒருநாள் அந்த வீட்டு அம்மா இறப்புச் சான்றிதழோடு தனியாக வருவார். அப்படி வந்த ஒருவரைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

அந்த அம்மாவின் கணவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு பேரும் ஆசை ஆசையாக ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போனார்கள். நல்ல இடம். டாக்டர் ஐயா கேட்ட நர்ஸ் இருந்தார், ஆம்புலன்ஸ் இருந்தது. ஆசிரியை அம்மா கேட்ட மலையும் தெரிந்தது, பஜனையும் நடந்தது. 73 வயதில் கணவர் காலமானார்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவிகிதம். அவர் போன பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவிகிதம். அடிப்படைச் சம்பளம் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 வந்துகொண்டிருந்த இடத்தில் 18,000. அகவிலைப்படியும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்திலேயே கணவர் இறந்திருந்தால் அதிகபட்சம் ஏழு வருடம் வரைக்கும் குறையாமல் வரும். இவர் 73. முதல் மாதத்திலிருந்தே 30 சதவிகிதம்தான். (எங்கள் வங்கி ஊழியர் குடும்பங்களுக்கு இதைவிட மோசமாக இருந்தது. அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்துக்கு 9,284 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2021இல்தான் அதை எடுத்து 30 சதவிகிதம் ஆக்கினார்கள். அந்தத் தொகையை நம்பி வாழ்ந்த எத்தனையோ அம்மாக்களை என் கையால் பாஸ்புக் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.)

அந்த அம்மா கவுண்ட்டர் முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று பென்ஷன் சீட்டு. இன்னொன்று குடியிருப்பின் அந்த மாதப் பில். இரண்டையும் உள்ளங்கையால் நீவி நீவி மடிப்பை எடுத்தார். “ஏங்கண்ணு, இதுல கூட்டல் எதாச்சும் தப்பா போட்டிருக்காங்களா, பாரேன்” என்றார்.

பார்த்தேன். சாப்பாட்டுக் கணக்கில் ஒரு ஆள் குறைந்திருந்தது. அவ்வளவுதான் குறைந்தது. காவல், லிஃப்ட், ஜெனரேட்டர், தோட்டம், பொது மின்சாரம், நர்ஸ் அறை எல்லாம் வீட்டுக்கு இவ்வளவு என்று சதுர அடிக் கணக்கில் போட்டது. ஆள் ஒன்றானாலும் சதுர அடி குறையாதே. “கூட்டல் சரியாத்தானுங்க அம்மா இருக்குது” என்றேன். அவர் இரண்டு காகிதத்தையும் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் வங்கி டெபாசிட்டை உடைத்து உடைத்துக் கட்டினார். பிறகு கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டை அவர்கள் கிரயம் வாங்கவில்லை, பெரிய தொகை டெபாசிட் கொடுத்து லீஸுக்கு எடுத்திருந்தார்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு மீதியைத் தருவோம், அதுவும் அடுத்தவர் குடிவந்து டெபாசிட் கட்டிய பிறகுதான் தருவோம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பதினோரு மாதம் காத்திருந்தார். அந்தப் பதினோரு மாதமும், வந்துவிட்டதா என்று என்னிடம்தான் போன் போட்டுக் கேட்பார்.

டாக்டர் ஐயா, அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருந்தது. ஆசிரியை அம்மா, மலை அவர் ஜன்னலில்தான் தெரிந்தது. இரண்டையும் அவரிடமிருந்து பிடுங்கியது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

செலவு என்றதும் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுகிறோம். நான் சொல்கிற செலவு, நம் வரவும் அந்த இடத்தின் பில்லும் இருபது வருடம் கூடவே நடக்குமா என்ற கணக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் போன்றவர்களுக்கு அதைவிட நம்பகமான திட்டம் கிடையாது. முன்பு 15 லட்சம் இருந்த வரம்பை 2023இல் 30 லட்சமாக உயர்த்தினார்கள். 30 லட்சத்தையும் 8.2 சதவிகித வட்டிக்குப் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய், மாதத்துக்கு 20,500. நல்ல தொகை. ஆனால் ஐந்து வருடத்துக்கு அது ஒரு ரூபாய்கூட ஏறாது.

பில் ஏறும். வருடம் 8 சதவிகிதம் ஏறுகிறது என்று வைப்போம். வங்கியில் எங்களுக்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு, 72ஐ சதவிகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 72ஐ எட்டால் வகுத்தால் ஒன்பது. 62 வயதில் மாதம் 18,000 கட்டிக்கொண்டு உள்ளே போகிறவருக்கு 71 வயதில் 36,000. 80 வயதில் 72,000. போகும்போது ‘நம்மால முடியும்’ என்று சொல்கிற எல்லோரும் அந்த 18,000ஐ மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இங்கே வருடா வருடம் வீக்கம் வளர்கிறது, விரல் அப்படியே இருக்கிறது.

டாக்டர் ஐயாவின் நாலரை மணி நேரத்துக்கு வருகிறேன். ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்குப் பிறகு வரும் நாலரை வருடம்? 2024 அக்டோபரில் மத்திய அரசு 70 வயது நிறைந்த எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தது. ஆஸ்பத்திரியில் படுத்தால் அது உதவும். வீட்டுக்கு வந்த பிறகு திருப்பிப் படுக்க வைக்கவும், குளிப்பாட்டவும், டயப்பர் மாற்றவும் ஒரு ஆள் வேண்டுமே, அதற்கு அந்தக் காப்பீடு காசு தராது. இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கிற அட்டெண்டர் என்றால் மாதம் இருபதாயிரத்தைத் தாண்டும், அதுவும் மாதப் பில்லுக்கு மேலே தனியாக. விளம்பரத்தில் ‘மருத்துவ வசதி உண்டு’ என்றிருக்கும். எந்த வேலை மாதப் பில்லுக்குள் அடக்கம், எதற்குத் தனிக் காசு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐயா சொன்ன உடல்நலத்தைக் காப்பாற்றப் போவது அந்த ஒரு தாள்தான்.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர், பின்னால் சமையலும் நர்ஸும் நடத்துகிறவர் வேறொருவர். 2019இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் முதியோர் குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டபோது, கட்டுநர், சேவை நடத்துபவர், குடியிருப்பவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தையே முன்வைத்தது. காரணம் இருக்கிறது. கட்டியவர் விற்றுவிட்டுப் போனால் யார் பொறுப்பு? சேவை நடத்துபவர் மாறினால் பழைய கட்டணம் நிற்குமா? பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கமே நடத்தினால் மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது, தனி நிறுவனம் நடத்தினால் 18 சதவிகிதம். கிரயம் வாங்கினாலும், பல இடங்களில் 55, 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் திரும்ப விற்க முடியும். உங்களுக்குப் பிறகு மகன் அங்கே குடியிருக்கவும் முடியாது, சட்டென்று விற்கவும் முடியாது. கோவையில் வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் வரைக்கும் போய்ப் பாருங்கள், மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்ட ஓடி வருவார்கள். ஒப்பந்த நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு என்ன பதில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆசிரியை அம்மா ஒன்று கேட்டார்: “பணத்தைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் தனிமையில் சாவதா?” எனக்கு நெஞ்சு வலித்தது. அம்மா, எட்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டுப் பழகியவர்களை விட்டுவிட்டு, தள்ளாத வயதில், மாதப் பில் கட்ட முடியவில்லை என்று வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, ‘தம்பி கூப்பிடுறான்’ என்று சொல்லிவிட்டுப் போவதைவிடத் தனிமை எது? அந்த அம்மா அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது கணவர் உட்கார்ந்த சாய்வு நாற்காலியை மட்டும் வண்டியில் ஏற்றினார். தொட்டியில் வளர்த்த பவழமல்லியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் போன மாதம் ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போனோம். அவர் மில்லில் வேலை பார்த்தவர், பி.எஃப். பென்ஷன் கொஞ்சம்தான் வரும். எங்கள் வீட்டில் வருமானம் என்னுடையது. அதனால் நான் போட்ட கணக்கு, நான் முதலில் போய்விட்டால் என்ற கணக்கு. கடந்த மூன்று வருட மாதப் பில்களைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். ஏறிய விகிதத்தை எழுதிக்கொண்டேன். என் ஓய்வூதியத்துக்குப் பதிலாக 30 சதவிகிதக் குடும்ப ஓய்வூதியத்தை வைத்து, அவர் ஒருவருக்கான பில்லை 80 வயது வரைக்கும் நோட்டில் போட்டேன். அவர் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, அங்கிருந்த ஒரு பெரியவரோடு பழைய மில் கதை பேசிக்கொண்டிருந்தார். இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கணக்கு நிற்கவில்லை. ஒரு படுக்கையறை வீட்டுக்கு, அட்டெண்டர் செலவுக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கிய பிறகும், நின்றது.

தை மாதம் போகிறோம். முதல் மூன்று மாதம் வாடகைக்குத்தான். அந்தப் பெரியவர் அவருக்கு இப்போதே தினமும் போன் செய்கிறார். நடுவர் ஐயா, வணக்கம்.