கிரீன் சர்க்கிளில் போர்டு வைக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் பாருங்கள்!

வணக்கம் மக்களே! வேலூரில் எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும், "விளம்பர போர்டு வைத்தால் கிரீன் சர்க்கிள் சந்திப்பில்தான், அங்கேதான் கூட்டம்" என்பார். சரி, அந்தக் கூட்டத்தில் உங்கள் கடைக்கு வரக்கூடியவர் எத்தனை பேர்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது போன் இருப்பிடத் தரவை வாங்குகிறார்கள்.

அது எப்படிக் கிடைக்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் லொகேஷன் அனுமதி கொடுத்த ஆப்களில் சில, இடத்தையும் நேரத்தையும் ஒரு விளம்பர ஐடியோடு, அதாவது விளம்பரத்துக்காக உங்கள் போனுக்குக் கொடுத்த தனி அடையாளக் குறியோடு, சேர்த்துத் தரவு விற்பவர்களுக்கு அனுப்புகின்றன. பெயர் போகாது. அவ்வளவுதான்.

(திரையில்: கிரீன் சர்க்கிள் வரைபடம்)

இப்போது இங்கே பாருங்கள். மேம்பாலத்தின் மேல் சென்னை - பெங்களூரு வண்டிகள் பறக்கின்றன. கீழே டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் ஊர்கின்றன. வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளி! பிரித்துக் காட்டுவது வேகம்தான். மேலே போகிறவர் உங்கள் புடவைக் கடைக்காக இறங்கி வரமாட்டார். ஆனால் ஆம்பூர் பிரியாணிக் கடை போர்டு என்றால் நிமிர்ந்து பார்ப்பார். அதுவும் பெங்களூரு பக்கம் போகிறவர் மட்டும்! எதிரே வருகிறவர் ஆம்பூரைத் தாண்டித்தானே வந்திருக்கிறார்? ஒரே மேம்பாலம், ஒரே போர்டு, பாதிப் பேருக்குப் பயனில்லை. எத்தனை வண்டி என்பதைவிட எந்தத் திசை என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே இருக்கும் ஐடா ஸ்கடர் சாலை. போன் இரவில் எங்கே இருக்கிறதோ அதுதான் வீடு என்று கணக்குப் போடுவது வழக்கம். இங்கே அந்தக் கணக்கு தவறிவிடும். சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருப்பார். தரவில் அவர் வேலூர்க்காரர்! அவருக்குப் போய் சோபா விளம்பரமா? அங்குள்ள கடைக்காரர்கள் எந்தத் தரவும் இல்லாமலே வங்காள எழுத்தில் போர்டு எழுதி வைத்தார்கள். அவர்களிடம்தான் முதலில் பாடம் கேட்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பெயர் இல்லை என்பதால் பயமில்லை என்று நினைக்காதீர்கள். 15 லட்சம் பேரின் போன் தடங்களை அலசிய ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. இடமும் நேரமும் சேர்ந்த 4 புள்ளிகள் இருந்தாலே 95 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிட முடிந்தது. ஒருவர் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்பது விற்பனைக்கு வரவே கூடாது.

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் இப்போதே செட்டிங்ஸைத் திறந்து, 'ஆட்ஸ்' பகுதியில் விளம்பர ஐடியை அழித்துவிடுங்கள். அழித்ததும் கமெண்ட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.