பிடியரிசியும் பன்னிரண்டு மணியும்

(‘ஓர் ஊரை வாழத் தகுந்த ஊராக்குவது தொழில் வளர்ச்சியா, ஊரின் குணமா?’ என்ற தலைப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பட்டிமன்றத்தில், ‘ஊரின் குணமே’ என்ற அணிக்காகப் பேசியது)

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன், தங்கைகளுக்கும், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களுக்கும் வணக்கம்.

நான் பிறந்தது சிவகாசி. வாக்கப்பட்டது ராஜபாளையம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பது விருதுநகரில். நடுவில் இருக்கிற உங்கள் ஊரைத் தினமும் இரண்டு தடவை பஸ்ஸில் கடக்கிறேன். அதனால் இந்த நான்கு ஊரில் எதைக் குறைத்துப் பேசினாலும் எனக்கு வலிக்கும், அப்படிப் பேசவும் மாட்டேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகப் பேசினார். 2021ல் சிவகாசி திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனதைச் சொன்னார், 2022ல் விருதுநகருக்கு மருத்துவக் கல்லூரி வந்ததைச் சொன்னார், இ. குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் ஜவுளிப் பூங்கா வரப்போவதைச் சொன்னார். ‘வேலை இல்லாத ஊரில் குணத்தை வைத்து உலையா வைக்க முடியும்?’ என்று கேட்டார், கைதட்டலும் வாங்கினார். கடைசியாக என்னைப் பார்த்தே ஒரு கேள்வி போட்டார்: ‘உங்கள் மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுப்பீர்கள் டீச்சர்? தொழில் இருக்கிற ஊரில்தானே?’ பதில் சொல்கிறேன் அண்ணே. அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று வரிசையாக நான்கு ஊரும் வந்துவிடும், எல்லாம் ஐம்பது சொச்சம் கிலோமீட்டருக்குள். அடிக்கிற வெயில் ஒன்று, பொய்க்கிற மழை ஒன்று, குடம் வைத்துக் காத்திருக்கிற தெருக்குழாயும் பெரும்பாலும் ஒன்றுதான். இருந்தும் ஓர் ஊர் மில் ஊர், ஓர் ஊர் கோயில் ஊர், ஓர் ஊர் பட்டாசு ஊர், ஓர் ஊர் வியாபார ஊர். தொழில் தானாக வந்து ஊரை ஆக்கியது என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர்கள் இப்படி நான்கு விதமாக ஏன் ஆக வேண்டும்?

விருதுநகரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் பெரிதாக என்ன விளைகிறது? ஆனால் வத்தல், மல்லி, துவரம் பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய் என்று விருதுநகர் விலை நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டுத்தான் வெளியூர்க் கடைக்காரர் விலை சொல்கிறார். விளையாத ஊருக்குச் சரக்கு எப்படி வந்தது? சொன்ன சொல்லுக்கு நிற்பான், எடையில் கைவைக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் வந்தது. சரி, வியாபாரம் வளர்ந்தது, பணமும் வந்தது. அந்தப் பணத்தை அந்த ஊர் என்ன செய்தது என்று பாருங்கள், அங்கேதான் என் அணியின் வாதம் இருக்கிறது.

மகமை என்று ஒன்று வைத்தார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். வியாபாரி தன் விற்பனையில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்துவைக்கிற பணம் அது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மகமை உண்டு. வியாபாரம் இல்லாத வீடு என்ன செய்யும்? உலையில் அரிசி போடுகிறபோது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும், அதை வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். பிடியரிசி என்று பெயர். அந்த மகமையிலும் பிடியரிசியிலும் 1889ல் ஒரு பள்ளிக்கூடத்தை எழுப்பி, பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காமல் பாடம் நடத்தினார்கள். சத்திரிய வித்தியாசாலை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம், அரசாங்கத்தைக் கேட்டால் கிடைக்குமா என்று யாரும் காத்திருக்கவில்லை.

சின்ன வயதிலேயே தகப்பனை இழந்த ஒரு பையன் அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தான். பெயர் காமராஜ். பின்னால் முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்ததும், 1956ல் மதிய உணவு தொடங்கியதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பசிக்கிற பிள்ளைக்குப் பள்ளியிலேயே சோறு போட வேண்டும் என்ற எண்ணம், பிடியரிசியில் நடந்த பள்ளியில் படித்தவருக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதே 1956ல் அதே ஊரைச் சேர்ந்த சங்கரலிங்கனார், தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பன்னிரண்டு கோரிக்கைகளோடு 76 நாள் உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். பருப்பு மண்டியும் எண்ணெய்ச் செக்கும் மட்டுமே இருந்திருந்தால் அது ஒரு பெரிய சந்தை, அவ்வளவுதான். அதில் மனிதர்கள் குடியிருக்க ஒரு காரணம் வந்தது பிள்ளைகளுக்கு எடுத்துவைத்த அந்த ஒரு பிடி அரிசியால்.

ராஜபாளையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், புகுந்த வீட்டைப் புகழ்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. 2011 கணக்கெடுப்பில் 1,30,000 பேருக்கு மேல், மற்ற மூன்று ஊரும் எழுபதாயிரத்துச் சொச்சம். பஞ்சாலை இருக்கிறது, பக்கத்திலே சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. இதெல்லாம் எதிரணி சொன்னதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சென்னை மாகாணத்துக்கே முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா, தான் குடியிருந்த வீட்டை ஊருக்குக் கொடுத்தார், இன்றைக்கு அது காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்தவர் வீட்டைச் சேர்த்தார் என்று கேட்டிருக்கிறோம், இருந்த வீட்டைக் கொடுத்தார் என்று எத்தனை ஊரில் கேட்டிருக்கிறோம்? நான் அந்த ஊருக்குப் போன புதிதில் என் மாமனார் மலையைக் காட்டவில்லை, மில்லைக் காட்டவில்லை, அந்தக் கட்டடத்தைத்தான் கூட்டிப்போய்க் காட்டினார்.

அப்புறம் உங்கள் ஊர். எதிரணித் தங்கை கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டார், ‘ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரமும் பால்கோவாவும் தவிர என்ன இருக்கிறது, வளரவே இல்லையே’ என்று. தங்கச்சி, அரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ராஜபாளையத்துக்கு மலையிலிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் தேக்கத்தில் நின்று குழாயில் வருகிறது. அந்த மலைத் தொடரில் காடு நிற்பதால்தான் ஆறு ஓடுகிறது. 1988ல் சாம்பல் நிற அணிலுக்காக இங்கே சரணாலயம் வந்தது, 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. ஒரு தொழிலும் வராமல் மலையை மலையாக விட்டு வைத்திருப்பதை வளர்ச்சிக் கணக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? நாங்கள் குடிக்கிற தண்ணீரில் எழுத வேண்டும் என்பேன் நான். பால்கோவாவையும் லேசாகச் சொல்லாதீர்கள். பாலும் சர்க்கரையும் தவிர வேறு எதையும் சேர்க்காமல், அடுப்படியில் நின்று கிண்டிக் கிண்டிச் சேர்த்த பெயர் அது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்தப் பெயருக்குத்தான். ஒவ்வொரு படி பாலுக்கும் பின்னால் சுற்றுப்பட்டியில் மாடு வைத்திருக்கிற ஒரு குடும்பம் இருக்கிறது.

இனி என் ஊருக்கு வருகிறேன். இதைப் பேசத்தான் இந்த மேடைக்கு ஒத்துக்கொண்டேன்.

1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் படிக்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். தெரியாத மொழி, ரயிலில் எத்தனையோ நாள், கையில் தொழில் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள், தீப்பெட்டி வந்தது, அதன் பின்னாலேயே பட்டாசு வந்தது, இரண்டுக்கும் லேபிள் ஒட்ட வேண்டுமே என்று அச்சு வந்தது, அந்த அச்சுதான் இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டராகத் தொங்குகிறது. குட்டி ஜப்பான் என்று பெயரும் கிடைத்தது. வறண்ட காற்று இந்தத் தொழிலுக்குத் தோது, அதனால் வந்தது என்று எதிரணி சொல்லலாம். வறண்ட காற்று கரிசல் காடு முழுக்கத்தான் வீசுகிறது. கல்கத்தாவுக்கு டிக்கெட் எடுத்தது காற்றா?

என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர், அப்புறம் பயர் ஆபீஸுக்குப் போனவர். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு என்றால் பயர் ஆபீஸ், அவ்வளவுதான். அந்தக் கூலியில்தான் நான் பி.எட். படித்தேன். அதனால் வேலையின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் சேர்க்கிற பேரிய உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்டு, அதன் பின்னால் மாதக்கணக்கில் ஆபீஸ்கள் மூடிக் கிடந்தபோது எங்கள் தெருவில் அடுப்பு எரிந்த வீடும் எரியாத வீடும் எனக்குத் தெரியும்.

ஆனால் என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிட்டவள், ஒரு பயர் ஆபீஸ் வெடிவிபத்தில் போய்விட்டாள். தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி, ஃபேன்சி ரகத்துக்கு ஆர்டர் குவிந்திருந்தது. லைசென்ஸ் வைத்திருந்தவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டிருந்தார், எடுத்தவர் கொடுத்த காசை எடுக்க வேண்டும் என்று, இருக்க வேண்டிய ஆட்களைவிட அதிகமாக ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்து, மதிய வெயிலிலும் வெடிமருந்து செலுத்த விட்டார். சூட்டில் மருந்து உராய்ந்தால் என்ன ஆகும் என்று சிவகாசியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. 2012ல் முதலிபட்டியில் நாற்பது பேர் அளவில் செத்துப்போனார்களே, அதற்குப் பிறகும் இது நடந்தது.

இப்போது இன்னொன்றையும் கேளுங்கள். என் அம்மா வேலை பார்த்த ஆபீஸில் ஒரு போர்மேன் இருந்தார். கோடையில் பன்னிரண்டு மணி ஆனால் மருந்து அறையில் கையை நிறுத்தச் சொல்லிவிடுவார். ஆர்டர் நிற்கட்டும், லாரி நிற்கட்டும், முதலாளியே வந்து கேட்டாலும் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்பார், அந்த முதலாளியும் சரி என்பார். தரையில் ரப்பர் விரிப்பில்லாமல் யாரையும் உள்ளே விட மாட்டார். அம்மா அங்கே இருந்த பதினெட்டு வருஷத்தில் ஒருவருக்கு விரல் நுனிகூடக் கருகவில்லை.

நடுவர் அய்யா, இரண்டும் ஒரே ஊர். ஒரே மருந்து, ஒரே வெயில், ஏறக்குறைய ஒரே கூலி. எதிரணி சொல்கிற வளர்ச்சிக் கணக்கில் இரண்டு ஆபீஸும் ஒரே மாதிரிதான் வரும், சொல்லப்போனால் என் அக்காவைக் கொன்ற ஆபீஸ் அந்த வருஷம் கூடுதலாகவே சரக்கு அனுப்பியது. அக்காவின் பிள்ளைகளுக்கு அம்மா இல்லாமல் போனதும், எனக்கு அம்மா இன்றைக்கும் இருப்பதும் எதனால்? இந்த மேடையில் பேசிய யாராவது தொழில் வளர்ச்சியை வைத்து எனக்கு அதை விளக்க முடியுமா?

குணம் என்றால் கோயிலுக்குப் போவதும் மரியாதையாகப் பேசுவதும் என்று எதிரணி எடுத்துக்கொண்டது. நான் சொல்கிற குணம் சொந்த லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற குணம். மகமை அதுதான், பிடியரிசி அதுதான், பன்னிரண்டு மணிக்குக் கையை நிறுத்தியதும் அதுதான். சிவகாசியில் அது இல்லாமல் போய்விடவில்லை. எங்கே வெடித்தாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை நிற்காமல் லோடு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அந்த மனசு வெடித்த பிறகு வருகிறது, வெடிக்கும் முன்னால் வர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மருந்து மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு மகமையை மறுபடியும் வைக்கலாம், அதைத் தீக்காய வார்டுக்கும் தாயை இழந்த பிள்ளைகள் படிப்புக்கும் கொடுக்கலாம். 1889ல் முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குப் பணம் குறைவா?

மணி அடித்துவிட்டீர்கள் அய்யா, ஒரே நிமிஷம். அண்ணன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

என் மகளை இந்த நான்கு ஊரில் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொடுப்பேன் அண்ணே. சிவகாசியிலும் கொடுப்பேன், பயர் ஆபீஸ் நடத்துகிற வீட்டிலேயே கேட்டு வந்தாலும் கொடுப்பேன். ஆனால் பெண் பார்க்க வருகிற அன்றைக்கு எத்தனை பவுன், எத்தனை ஏக்கர் என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால், நான் ஒன்று கேட்பேன்: சித்திரை மாதத்தில் உங்கள் ஆபீஸில் மருந்து அறை எத்தனை மணிக்கு நிற்கும்?

நன்றி, வணக்கம்.