உப்பைத் தின்றவன்

(பாளையங்கோட்டைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வு பெற்ற நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர்களே, மேடையில் இடமில்லாமல் கீழே உட்கார்ந்திருக்கும் கவுன்சிலர் அண்ணாச்சி அவர்களே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: ஆப்பிரிக்காவில் இருக்கும் ருவாண்டா நாட்டில் நடந்த இனப்படுகொலை, ஊரார் அதை விசாரித்த விதம், அப்புறம் இரு தரப்பும் ஒரே ஊரில் வாழ்வது.

1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் நூறு நாளில், பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் வெறியர்கள் சிறுபான்மையினரான துட்சி மக்களை லட்சக்கணக்கில் கொன்றார்கள். அதை எதிர்த்து நின்ற ஹூட்டு மக்களையும் விடவில்லை. வெட்டியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு, குற்றம் சாட்டப்பட்டு 1,20,000 பேருக்கு மேல் சிறைகளில் அடைந்து கிடந்தார்கள். சாதாரணக் கோர்ட்டில் விசாரித்தால் நூறு வருஷம் ஆகும். திட்டம் போட்ட பெரிய கைகளுக்கு பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. நீதிமன்றம் இருந்தது. மற்றவர்களுக்குத்தான் ‘கச்சாச்சா’ ஊர்மன்றங்கள். ஊரே தேர்ந்தெடுத்த நீதிபதிகள், பெண்களும் உண்டு. 2012இல் மூடும்வரை, சுமார் 12,000 மன்றங்கள் பத்து லட்சத்துக்கும் மேலான வழக்குகளைப் பார்த்தன. குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிணத்தை எங்கே போட்டோம் என்று சொன்னவனுக்குத் தண்டனை குறைந்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆக வேண்டும்!

எங்கள் ஆச்சி ஊரில் ஓர் ஆடு காணாமல் போனது. களக்காட்டுப் பக்கம். கோயில் முன்னால் கூட்டம். பெரியவர்கள் அதட்டுகிறார்கள், சத்தியம் கேட்கிறார்கள், சூடத்தை அணைக்கச் சொல்கிறார்கள். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. அந்தி சாய்ந்துவிட்டது, பாதிப்பேர் தூங்கியாயிற்று. ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு மெதுவாக, “ஏல, கறியில உப்பு கூடிப் போச்சாமே?” என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “யாரு ஆச்சி சொன்னா? அளவாத்தான இருந்துச்சு!” (கைதட்டல்.)

ஆட்டையும் ஆளையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. உண்மை ஊர் நடுவில் வெளிவர வேண்டும் என்கிறேன். கச்சாச்சாவும் குறையில்லாதது அல்ல. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் கிடையாது. சாட்சி சொன்னவர்கள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் வென்ற, துட்சிகள் தலைமையிலான படை செய்த கொலைகளை அந்த மன்றங்கள் கேட்கவே இல்லை. அந்த உப்புக்குத் தண்ணீர் குடித்தவர்கள் மிகச் சிலரே.

இனி நம் கதைக்கு வருகிறேன். நம்மூரில் நடந்தது இனப்படுகொலை அல்ல. ஆனால் 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தங்கையையும், அவனோடு பள்ளியில் படித்த வேறு சாதிப் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. வழக்கு கோர்ட்டில் நடக்கட்டும். கட்டப்பஞ்சாயத்து வேண்டவே வேண்டாம், அதில் வெட்டுப்பட்டவனைத்தான் சமாதானமாகப் போகச் சொல்வார்கள். நான் பல மேடையில் கத்திக்கொண்டிருப்பது கிராமசபைக்காக. தகராறு நடந்த ஊரில் இரண்டு தெருவும் ஒன்றாக உட்கார வேண்டும். அடிபட்டவர்கள் முதலில் பேச வேண்டும், பெண்கள் உட்பட. தீர்ப்பு யாரும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். இப்போது நடப்பது என்ன? கிராமசபைக் கையெழுத்து நோட்டு வீடு வீடாகப் போகிறது, கையெழுத்து விழுகிறது, கூட்டம் முடிந்ததாக எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, செயலாளர் தம்பி மணியைப் பார்க்கிறார். இந்தக் கிராமசபையைக் கேட்டு கலெக்டருக்குக் கொடுக்கும் மனு வாசலில் இருக்கிறது. அக்டோபர் 2 கிராமசபைக்கு முன்னால் சேர்க்க வேண்டும், படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். வணக்கம்.