மலையேறும்போது கொதிக்கும் பழைய டீசல் வேன்: ரேடியேட்டரையும் டர்போவையும் சேர்த்துப் பாருங்கள்

[காட்சி: குன்னூர் மலைப்பாதை. ஓரங்கட்டிய வேன், முன்பக்கம் ஆவி.]

வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டிக் குன்னூருக்கு ஏறும் பாதையில், விடுமுறை நாளென்றால் இந்தக் காட்சியைக் காணலாம். வண்டி நிறைய ஆட்கள், கூரைமேல் மூட்டைகள், இரண்டாம் கியரில் விடாத ஏற்றம். பழைய டர்போ டீசல் வேன் தன் குறைகளையெல்லாம் இங்கேதான் காட்டும்.

ஓட்டுநர் இரண்டு புகார் சொல்வார்: வண்டி இழுக்கவில்லை, வெப்பமானி முள் ஏறுகிறது. பட்டறையில் ரேடியேட்டருக்கு ஒரு செலவு, டர்போவுக்கு ஒரு செலவு என்று பிரித்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. அந்தக் காற்று வழியில் கசிந்தால் டீசல் முழுதாக எரியாது. கரும்புகை வரும், வெளியேறும் புகையின் வெப்பம் கூடும். இழுக்கவில்லையே என்று ஓட்டுநர் இன்னும் அழுத்துவார். அந்தச் சூட்டில் ஒரு பங்கு சிலிண்டர் ஹெட்டில் (எஞ்சினின் மேல்மூடியில்) இறங்கும். நல்ல ரேடியேட்டரும் திணறிப் போகும்.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: எப்போது சூடாகிறது?

நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ஓட ஓடக் குறைந்தால் ஃபேன் பக்கம் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம். விஸ்கஸ் ஃபேன் (உள்ளிருக்கும் கெட்டி எண்ணெயின் பிடிப்பில் சுழல்வது) என்றால், எஞ்சினை அணைத்தபின் கையால் சுழற்றுங்கள். சூடான நிலையில் அது கைக்கு இறுக்கம் கொடுக்க வேண்டும். தள்ளிவிட்டதும் பல சுற்று தானாகச் சுழன்றால், உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது.

ஊருக்குள் சரியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் சூடானால், தண்ணீர் ஓட்டத்திலும் குறை இருக்கலாம்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பம்பின் உறிஞ்சலில் சப்பையாகிவிடும் கீழ் ஹோஸ்.

[காட்சி: கையில் ரேடியேட்டர் மூடி. ரப்பர் வளையம் நெருக்கத்தில்.]

இந்த மூடியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடி, அந்தக் கொதிநிலையை 110 டிகிரிக்கு மேல் தள்ளிவிடுகிறது. ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். சூடாக இருக்கையில் மட்டும் திறக்கவே கூடாது.

அடுத்தது தெர்மோஸ்டாட்: தண்ணீர் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு. “நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு?” என்று கழற்றிப் போடும் வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு வெந்நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பும். ஏற்றத்தில் சூடு கூடத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் நல்லதே.

ஏற்றத்தில் உயர்ந்த முள் திடீரென்று விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் வற்றி, சென்சார் வெறும் ஆவியில் நிற்கலாம். உடனே நிறுத்துங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கிறதா என்று அறிய, குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி ஓட்டுங்கள். குமிழி நிற்காமல் வந்தாலும், மூடி போட்டு ஓட்டிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

[காட்சி: டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (டர்போ காற்றைக் குளிர்விக்கும் பகுதிக்கு) போகும் ஹோஸ். விரல் அடிப்பக்கத்தைத் தடவுகிறது.]

இப்போது டர்போ. முதலில் ஹோஸ். மேற்பக்கம் புதிதுபோல இருக்கும். எண்ணெய் படியும் அடிப்பக்கத்தில்தான் கீறல் ஒளிந்திருக்கும். மடக்கிப் பாருங்கள், வாய் திறக்கும். கிளாம்ப் அருகே எண்ணெய்க் கறை இருந்தால் காற்று அங்கே கசிகிறது. உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. தேங்கி நிற்பது இயல்பல்ல.

ஹோஸ் நன்றாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் காற்று நுழையும் பக்கக் குழாயைக் கழற்றி, டர்போ தண்டின் நுனியை இரு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரியக் கூடாது. இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தால் டர்போ முடிந்தது. நீலப்புகையும் சேர்ந்து வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்; எஞ்சின் தன் எண்ணெயையே எரித்து, சாவியை அணைத்தும் நிற்காமல் ஓடக்கூடும்.

புது டர்போ மாட்டுபவர்களுக்கு ஒன்று. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் அந்தத் தண்டு, மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எண்ணெய் கொண்டுவரும் சிறு குழாயில் கரி படிந்திருந்தால் புதியதும் சீக்கிரமே தேயும். அந்தக் குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். எண்ணெயும் ஃபில்டரும் புதிதாக இருக்கட்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய்த் துளையில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தண்டைக் கையால் சுழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.